எவ்ளோ கொடுக்குது? ஆக்லாந்தில் ஒரு ஹைபிரிட் வாங்கிய கதை

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டிக்கு ஒரு வயது முடிந்தது. என் சம்சாரம் சரோஜா அதைக் குளிப்பாட்டி, பானட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். பேத்தி ரியா ஓரக் கண்ணாடியில் ஒரு பலூனைக் கட்டினாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். "காருக்கு" என்றேன். மனுஷன் உள்ளே போய் ஒரு துண்டு கேக்கைத் தட்டில் கொண்டுவந்து பானட்டின் மேல் வைத்தார். வண்டியை இரண்டு தட்டு தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நியூசிலாந்துக்காரர்கள் தங்கமானவர்கள். எதற்கும் காரணம் கேட்க மாட்டார்கள்.

அந்தப் படத்தை நம்ம குமணன்சாவடி வேன் ஸ்டாண்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். வாழ்த்து வரும் என்று பார்த்தால், என்னோடு பதினைந்து வருஷம் ஷேர் வேன் ஓட்டிய தனபால் பேசிப் பதிந்து ஒரு சேதி அனுப்பினான். "இன்னா நைனா, வண்டி ஷோக்கா கீது. அத்த வுடு. எவ்ளோ கொடுக்குது?"

ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் கேட்கிறான். நம்ம பக்கம் ஒரு வண்டியைப் பார்த்தால் முதல் கேள்வி அது. கலர், கம்பெனி, விலை எல்லாம் அப்புறம். ஆனால் அந்த ஒரு வரிக் கேள்விக்கு என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஸ்டாண்டில் எல்லோருக்கும் யாராவது சத்தமாகப் படித்துக் காட்டவும்.

புதிதாக ஸ்டாண்டுக்கு வந்தவர்களுக்கு: என் பெயர் ஏகாம்பரம். படிப்பு ஆறாவது ஃபெயில். வேனில் கிளீனராகத் தொங்கிக்கொண்டு போன நான், ஒரு வேன், அப்புறம் இரண்டு வேன் என்று சொந்தமாக ஓட்டினேன். திருவேற்காட்டில் மாடி வீடு கட்டினேன். பெண்ணை என்ஜினியர் ஆக்கினேன். திருவேற்காடு, பூந்தமல்லி ரோட்டில் என் அளவுக்கு பெட்ரோலை மிச்சம் பிடித்தவன் இன்றுவரை பிறக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை என்பதால் சொல்கிறேன்.

2

என் சிக்கன வித்தை இரண்டு. சிக்னலில் சிவப்பு விழுந்தால் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிடுவேன். அண்ணனூர் பக்கம் ரயிலுக்கு கேட் போட்டாலும் முதலில் நிறுத்துகிறவன் நான்தான். மேம்பாலத்தில் ஏறியதும் நியூட்ரலில் போட்டு என்ஜினை அணைத்து, இறக்கத்தில் சும்மா உருட்டிக்கொண்டு வருவேன். வண்டி கோயில் தேர் மாதிரி சத்தமில்லாமல் இறங்கும். உள்ளே இருக்கும் ஜனங்கள் பயத்தில் கந்த சஷ்டி சொல்வார்கள். காசு இல்லாமல் பக்தி.

சரோஜா கதை வேறு. கல்யாணமான புதிதில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "உன் வண்டியில முன்னாடி சீட்டுல குந்திக்கினு ஒரு ரவுண்டு வரணும்யா." சரி என்றேன். ஆனால் ஷேர் வேனில் முன் சீட்டுதான் நல்ல கிராக்கி. டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர். நடுவில் இருப்பவர் கியருக்கு அந்தப் பக்கம் ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலும் வைத்துக்கொள்வார். சம்சாரத்தை அங்கே உட்கார வைத்தால் பக்கத்தில் வேறு ஆளை நெருக்க முடியாது, இரண்டு டிக்கெட் நஷ்டம். அப்புறம், அப்புறம் என்று வருஷங்கள் போய்விட்டன. பண்டிகை நாளில்கூட அவள் பின்னால் மூலையில் கூடையோடு உட்கார்ந்து, ஏறுகிற ஜனத்தைப் பார்த்து "தள்ளி உக்காரும்மா, இன்னும் ஒரு ஆள் வரும்" என்று எனக்காகக் குரல் கொடுப்பாள். சம்பளமில்லாத கண்டக்டர்.

பெண் வீட்டோடு இருக்க இங்கே ஆக்லாந்துக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். காலையில் குப்பைத் தொட்டியை வாசலில் வைப்பது என் வேலை. எது சிவப்பு மூடி, எது மஞ்சள் மூடி என்பதில் மட்டும் எனக்கு இந்த வீட்டில் அதிகாரம் உண்டு. ரியாவைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போவேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு திருப்பம் முன்னாலேயே அவள் என்னை நிறுத்திவிடுவாள். தாத்தா சத்தமாகப் பேசுகிறாராம். அவள் இங்கிலீஷில் கேட்பாள், நான் நம்ம பாஷையில் பதில் சொல்வேன், இரண்டு பேருக்கும் பாதி பாதி விளங்கும். காரில் போனாலோ, பெண் கவிதா ஓட்டுவாள், மாப்பிள்ளை மகாராஜன் பக்கத்தில். பின்னால் ரியா நடுவில், நானும் சரோஜாவும் இரண்டு ஜன்னலிலும் மூட்டை மாதிரி. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதைத் தனபால் பார்த்தால் அழுதுவிடுவான்.

நம்ம லைசென்ஸ் இங்கே ஒரு வருஷம்தான் செல்லும். அதற்குள் இந்த ஊர்ப் பரீட்சையில் ஓட்டிக் காட்ட வேண்டும். வீட்டில் இருந்த பழைய காரில் போனேன். பக்கத்தில் பெரிய உடம்போடு ஓர் அதிகாரி. ஆக்லாந்து முழுக்க மேடும் பள்ளமும். ஒரு நல்ல இறக்கம் வந்தது. என் கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது. வண்டி தேர் மாதிரி மிதந்தது. அதிகாரி கந்த சஷ்டி தெரியாதவர். கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டார். "சார், பெட்ரோல் சேவிங், ஃப்ளைஓவர் சிஸ்டம்" என்று விளக்கினேன். அவர் நிறைய எழுதிக்கொண்டார். பாராட்டு என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவை இறக்கத்தில் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். சிக்னலில் முடியவில்லை. நிறுத்தினேன். பச்சை விழுந்தது. பழைய கார் கிளம்ப மாட்டேன் என்றது. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பின்னால் நீளமாக வரிசை. ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கவில்லை. குமணன்சாவடியாக இருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள், எனக்கும் ரோஷம் வந்து வண்டி கிளம்பியிருக்கும். அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. கடைசியில் அதிகாரி பெல்ட்டைக் கழற்றி, குட் லக் சொல்லிவிட்டு, ஆபீசுக்கு நடந்தே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கவிதா முடிவாகச் சொன்னாள். "அப்பா, இந்த வண்டிய மாத்திட்டு புது ஹைபிரிட் வாங்கப் போறோம். அதுல இன்னும் ஒரே ஒரு தடவ டெஸ்ட் குடுங்க. பாஸ் பண்ணா இன்ஷூரன்ஸ்ல உங்க பேரும் சேத்துடறேன். இல்லன்னா சாவியப் பத்தி இந்த வீட்ல பேச்சே வரக்கூடாது."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சரோஜா தலையைத் தூக்கவில்லை. "அப்போ முன் சீட்டு எனக்கு இந்த ஜென்மத்துல லேது" என்றாள், பீன்ஸிடம்.

3

மகாராஜன் மாப்பிள்ளை திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலைக்காகத் திருவேற்காட்டில் எங்கள் தெருவில் ஃபிளாட்டில் குடியிருந்தார். என் வேனில் தினம் ஏறி இறங்கி, கடைசியில் என் பெண்ணையே கட்டிக்கொண்டார். எதையும் அட்டவணை போடாமல் செய்ய மாட்டார். விலை, பெட்ரோல் செலவு, சர்வீஸ், வாரண்டி என்று கட்டம் கட்டி மூன்று வண்டிகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். எல்லாரும் ஷோரூமுக்குப் போனோம்.

ஒன்று வெள்ளை, சின்ன வண்டி, மூன்றிலும் விலை குறைவு. அடுத்தது சாம்பல் நிறத்தில் உயரமான வண்டி. ரியாவின் சிநேகிதிகள் வீட்டில் எல்லாம் அதுதான் என்பதால் கவிதாவுக்கு அதன்மேல் கண். வெள்ளைக்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் நான் என் முதல் வேனை வாங்கி, பூஜை போட்டு, ஸ்டாண்டு முழுக்க பிரியாணியும் போட்டிருப்பேன். மூன்றாவது சிவப்பு. அதற்கு இரவெல்லாம் செல்போன் மாதிரி சார்ஜ் போட வேண்டும், கூடவே பெட்ரோலும் ஊற்ற வேண்டும். விலையோ எல்லாவற்றுக்கும் மேலே. மாட்டுக்குப் புல்லும் போட்டு பிரியாணியும் போடுகிற கணக்கு.

ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு ஸ்டிக்கர். நம்பர் எனக்குப் படிக்கத் தெரியும். சாம்பலில் ஐந்தரை. வெள்ளையில் நாலு சொச்சம். சிவப்பில் ஒன்றரை.

அந்த ஸ்டிக்கரை விரலால் தட்டினேன். "மாப்ளே, இன்னா அநியாயம் இது? சிவப்பு ஒன்றரை கொடுக்குதாம். அதுக்கு இந்த வெலையா? தண்ணி லாரியே மூணு கொடுக்கும்யா! என் ஓட்ட வேனு பதினாலு கொடுத்துச்சு, ஏழு பேர ஏத்திக்கினு!"

"மாமா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. அது கொடுக்கறது இல்ல. நூறு கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் குடிக்குங்கிறது. நம்பர் கொறையக் கொறைய நல்லது."

"கொறஞ்சா நல்லதா? அப்போ பூஜ்யம் போட்டு ஒட்டச் சொல்லு, அத்தயே வாங்கிக்கலாம்."

"அப்படியும் இருக்கு மாமா. அது முழு எலக்ட்ரிக்."

இந்த மனுஷனிடம் கிண்டல் பண்ணவே முடியாது. விற்கிற பையன் சிரித்துக்கொண்டே, ஐயா என்ன சொல்கிறார் என்று கேட்டான். மாப்பிள்ளை இங்கிலீஷில், "மாமாவுக்கு சிவப்பு கலர் பிடிக்காது" என்று மொழிபெயர்த்தார். நான் பேசிய அத்தனைக்கும் அவ்வளவுதான் வந்தது. ரியா என் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, ஸ்மால் இஸ் குட்" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் வண்டி எவ்வளவு கொடுக்கும் என்று கேட்கிறோம். பெற்ற பிள்ளை சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறான் என்று கேட்கிற மாதிரி. இந்த ஊரில் எவ்வளவு குடிக்கும் என்று எழுதி ஒட்டுகிறார்கள். கல்யாண மாப்பிள்ளையைப் பற்றி நல்லதைச் சொல்லாமல், தினம் எத்தனை பாட்டில் குடிப்பான் என்று நெற்றியில் எழுதிப் பெண் பார்க்க அனுப்புகிற மாதிரி இருக்கிறது. இப்படியும் ஒரு வியாபாரமா?

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்டிக்கரும் அவனே ஒட்டுகிறான், வண்டியும் அவனே விற்கிறான். நான் உலகத்தில் நம்புவது ஒரே ஒரு சோதனையைத்தான். "டேங்க் டு டேங்க்" என்றேன். மாப்பிள்ளை முகம் வெளிறியது. அவர் என் வேனில் பயணம் செய்தவர். அது என்னவென்று தெரியும்.

4

வெள்ளை வண்டியை அந்தப் பையன் சாயங்காலம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்துவிட்டான். அடையாள அட்டையைக்கூட அவன் கேட்கவில்லை, மாப்பிள்ளைதான் தானாக எடுத்துக் காட்டினார். நேராக பெட்ரோல் பங்க்.

டேங்க் டு டேங்க் என்றால் கழுத்து வரைக்கும் நிரப்ப வேண்டும், ஓட்ட வேண்டும், மறுபடி கழுத்து வரைக்கும் நிரப்ப வேண்டும். இரண்டாவது தடவை எவ்வளவு பிடித்ததோ அதுதான் குடித்தது. ஆனால் பம்ப் "டக்" என்று நின்றால் டேங்க் நிரம்பிவிட்டது என்று நினைக்கிறவன் ஏமாளி. உள்ளே காற்று இருக்கும். வண்டியை ஆட்ட வேண்டும். ஆட்டினால் டேங்க் ஏப்பம் விடும். அப்புறம் ஒரு மடக்கு இறங்கும். மறுபடி ஆட்ட வேண்டும். பூந்தமல்லி பங்க்கில் ஸ்கூட்டர்காரன்கூட இதைச் செய்கிறான்.

"கவிதா, நீ அந்த மூலை. மாப்ளே, இந்தப் பக்கம். சரோ, பின்னாடி புடி. ஹேய்ஸா!"

"மாமா, இது நம்ம வண்டி இல்ல மாமா!"

"பெட்ரோல் நம்ம பெட்ரோல். ஆட்டு!"

ரியா காருக்குள் தலையைக் குனிந்து ஒளிந்துகொண்டாள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டது. "எஸ், எஸ், ஏர் கமிங்" என்று கை காட்டினேன். பக்கத்து பம்ப்பில் அரை டிராயரோடு, காலில் செருப்பில்லாமல், தொடை வரைக்கும் பச்சை குத்திய ஒரு ஆள். இந்த ஊரில் கடைக்கும் வெறுங்காலில்தான் வருவார்கள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. வந்து என் பக்கத்தில் நின்று ஆட்டினான். அவன் கூட்டாளியும் வந்து ஆட்டினான். எதற்கு ஆட்டுகிறீர்கள் என்று மூன்றாவதாக ஓர் ஆள் கேட்டான், இவர்கள் சொன்னார்கள், "தெரியாது" என்று. அவனும் ஆட்டினான். ஏழு பேர் ஆட்ட, வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடியது. கடைசியில் டேங்க் ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், எல்லாரும் கை தட்டினார்கள்.

மாப்பிள்ளை ஓட்டினார், நான் பக்கத்தில். முதல் சிவப்பிலேயே வண்டி செத்துவிட்டது. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை.

"போச்சு! ஆட்டினதுல இன்னாவோ கழண்டுகிச்சு. மாப்ளே, நான் எறங்கித் தள்றேன், நீ செகண்டுல போட்டு வுடு!" கதவைத் திறந்து ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டேன். பச்சை விழுந்தது. செத்த வண்டி தானாக நகர்ந்தது. நான் ஒற்றைக் காலில் கூடவே நொண்டிக்கொண்டு போனேன்.

"மாமா, உள்ள வாங்க! அது செத்துப் போகல! நின்னா என்ஜின் தானா ஆஃப் ஆயிரும். எறக்கத்திலயும் ஆஃப் ஆகும். பேட்டரில போவும். அதான மாமா ஹைபிரிட்டு!"

நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். சிவப்பில் நிறுத்துவது. இறக்கத்தில் அணைத்துவிட்டு உருட்டுவது. இது யாருடைய வித்தை? குமணன்சாவடியில் எத்தனையோ வெளியூர் ஆட்கள் கேமராவும் கையுமாக என் வேனில் ஏறியிருக்கிறார்கள். அதில் எவனோ ஒருத்தன் பார்த்து வைத்துக்கொண்டு போய்க் கம்பெனியில் சொல்லியிருக்கிறான். வேறு எப்படி?

நாள் முழுக்க மேடு பள்ளமெல்லாம் ஓட்டிவிட்டு அதே பங்க்குக்கு வந்தோம். ஒலிபெருக்கிக்காரி இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையை ஆட்டினாள். பம்ப் போட்டதும் கொஞ்சம் பிடித்துவிட்டு டக் என்று நின்றது. ஆட்டினோம், கொஞ்சம் இறங்கியது, மறுபடி டக். இவ்வளவு கம்மியாகப் பிடிக்காது, பம்ப் கோளாறு என்றேன். நம்ம ஊராக இருந்தால் மீட்டரில் ஜீரோ காட்டாமல் போட்டாய் என்று பங்க்காரனோடு சண்டை போட்டிருப்பேன். இங்கே பெட்ரோல் போடுகிறவனே நான்தான். யாரோடு சண்டை போடுவது? அடுத்த பம்ப்புக்கு வண்டியைத் தள்ளிவைத்துப் பார்த்தோம். அங்கேயும் டக்.

மனக்கணக்குப் போட்டேன். "மாப்ளே! இருபத்தி மூணு கொடுக்குது!"

"அதைத்தான் மாமா ஸ்டிக்கர்ல நாலு சொச்சம்னு போட்டிருக்கான்."

"அத்த மொதல்லயே இருபத்தி மூணுன்னு போடறதுக்கு இன்னா கேடு?"

கவிதா சாம்பல் வண்டியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உங்கப்பன் வித்தை தெரிஞ்ச வண்டி இது" என்றாள் சரோஜா. "இத்தயே வாங்கு." அட்டவணையும் அதையேதான் சொன்னது என்று மாப்பிள்ளை அப்புறம் காட்டினார். அட்டவணை யாருக்கு வேண்டும்?

5

பரீட்சைக்கு அதே அதிகாரிதான் வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெல்ட்டைப் போட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். தயவுசெய்து எதையும் அணைக்க வேண்டாம் என்றார்.

காலையில் நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது சரோஜா வாசலுக்கு வந்தாள். வண்டியின் காதில்தான், அதாவது ஓரக் கண்ணாடியில், ஏதோ சொல்லி அனுப்பினாள்.

அதே இறக்கம் வந்தது. என் வலது கை சாவியைத் தேடிப் போனது. சாவித் துவாரமே இல்லை. அணைக்கிற பொத்தான் வேறு எங்கேயோ இருந்தது. கை அந்த இடத்தில் காற்றைத் தடவிவிட்டு ஸ்டியரிங்குக்கே திரும்பி வந்தது. அதற்குள் வண்டியே என்ஜினை அணைத்துவிட்டு, தேர் மாதிரி மிதக்க ஆரம்பித்தது. பயத்தோடு அதிகாரியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னலில் சிவப்பு. கை மறுபடி போனது, மறுபடி வெறுங்கையாக வந்தது. வண்டி தானாக அடங்கியது. பச்சை விழுந்ததும் தானாக எழுந்தது. அதிகாரி கைப்பிரேக் பக்கமே போகவில்லை. நான் செய்தால் குற்றம், கம்பெனி செய்தால் டெக்னாலஜி.

திரும்பி வந்து நிறுத்தினேன். மிகவும் அமைதியாக ஓட்டுகிறீர்கள், இவ்வளவு மாற்றம் எப்படி வந்தது என்று கேட்டார். "சார், ஐ டீச் திஸ் கார்" என்றேன். சிரித்துக்கொண்டே பாஸ் போட்டுவிட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

6

அன்றைக்கே சாயங்காலம் சரோஜா கல்யாணத்துக்குப் போகிற பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கவிதா கார்க்கதவைத் திறந்துவிட்டாள். முன் கதவு.

எங்கே போகலாம் என்று கேட்டேன். "எங்கியும் வாணாம். சும்மா நேரா போ" என்றாள். கதவோரம் ஒட்டிக்கொண்டு, காலைக் குறுக்கி, சீட்டில் பாதியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தாள். "தாராளமா குந்து சரோ, யாரும் வரமாட்டாங்க" என்றேன். ம்ம் என்றாள். ஆனால் நகரவில்லை. இரண்டு சிக்னலில் வண்டி தானாக அணைந்தது. "உன்ன மாதிரியே கஞ்சப் பிசினாறி" என்றாள். ஆனால் கண்ணாடிக்கு வெளியே இருக்கிற அத்தனையையும் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. நான்கு பேர் நின்றார்கள். முப்பது வருஷப் பழக்கம். என் கால் தானாகப் பிரேக்கில் போய்விட்டது. இந்தக் காலுக்குக் கம்பெனி இன்னும் ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை. வண்டி சத்தமே இல்லாமல் போய் அவர்கள் முன்னால் நின்றது. இந்த ஊரில் போன் செய்து கூப்பிடுகிற டாக்சி பாதிக்கு மேல் இதே வெள்ளை வண்டிதான். இரண்டு பெரிய பையோடு நின்ற வெள்ளைக்கார அம்மா ஒருவர் பின் கதவைத் திறந்தார், ஏறினார், நடு சீட்டில் பைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். டாக்சி கூப்பிட்ட ஆள் தான்தானே என்று சரிபார்க்கிற மாதிரி, "மார்கரெட்?" என்று தன் பெயரைத் தானே கேட்டார். என்ன பதில் சொல்வது? "எஸ்" என்றேன்.

சரோஜா திரும்பிப் பார்த்தாள். இறங்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்த அம்மாவைப் பார்த்தாள், பைகளைப் பார்த்தாள், ஸ்டாப்பில் மிச்சம் நிற்கும் மூன்று பேரையும் பார்த்தாள். அப்புறம் முன் சீட்டில் முதல் தடவையாக நன்றாகச் சாய்ந்து, முழுசாக உட்கார்ந்துகொண்டு, பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தள்ளி உக்காரும்மா, இன்னும் ஒரு ஆள் வரும்."

மார்கரெட் அம்மா பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்தார்.